வெளியே நின்று கொடுங்கள்



இம்மாதம் பணத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். தசமபாகத்தைக் குறித்தோ காணிக்கையைக் குறித்தோ அல்ல. நம்மில் பெரும்பாலானோர் பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள். சம்பளம் கைக்கு வந்தவுடன் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் போக, ஒரு பகுதியை ஊரிலிருக்கும் பெற்றோருக்கோ, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கோ அனுப்புகிறோம். சபையாகவும் கிராமத்து ஏழை விசுவாசிகளுக்கு உதவி செய்கிறோம். அப்படிக் கொடுக்கும்போது எந்த மனதோடு கொடுக்கிறோம் என்பதே இன்று நம் சிந்தனைக்குரிய காரியம். அதற்கு முன் என் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட வேண்டியவனாய் இருக்கிறேன்.

தையல் இயந்திரம்

2010-ஆம் ஆண்டு. மும்பையில் நாங்கள் ஊழியம் செய்துவரும் சபையில் ஒரு சகோதரன் இருந்தார். துணிக் கிடங்கு ஒன்றில் வேலை. அவருடைய அண்ணன் குடும்பம் தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டில், வானம் பார்த்த பூமியில் நான்கு ஏக்கர் வைத்துப் பயிர் செய்துவந்தது. அவர்களும் விசுவாசிகள். இரண்டு வருடம் தொடர்ந்து விளைச்சல் பொய்த்து, அந்த அண்ணனுடைய மனைவியின் கம்மல் வரை அடகுக்குப் போய்விட்டது என்று சகோதரன் ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு சொன்னார். சபையார் மனதுருகிக் கொடுத்தார்கள். 12,000 ரூபாய் சேர்ந்தது.

அதை எப்படிக் கொடுப்பது என்று சபைக் குழுவில் பேசினோம். "ரொக்கமாகக் கொடுத்தால் கரைந்துபோகும். நிரந்தரமாக ஏதாவது செய்வோம்" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் ஆமோதித்தோம், நானே முதலாவது ஆமோதித்தேன். மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் ஒன்றை 7,000 ரூபாய்க்கு வாங்கினோம். மீதியில் அரிசியும் துணிமணியும். ஆவணி மாதத்தில் ஊருக்குப் போய் ஜெபித்துக் கொடுத்தோம். படம் எடுத்துச் சபையின் ஆண்டறிக்கையிலும் போட்டோம்.

அடுத்த மாசியில் கன்வென்ஷன் கூட்டத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். அந்த வீட்டுக்கும் போனேன். தையல் இயந்திரத்தைக் காணவில்லை. விற்றுவிட்டதாகத் தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. "விசுவாசிகள் வியர்வை சிந்திக் கொடுத்த பணம் அல்லவா? அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு, அவர்கள் பிள்ளைகள் கேட்க, கடிந்துகொண்டேன்.

அந்தச் சகோதரி வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, எங்கள் வீட்டில் யாருக்கும் தையல் தெரியாது. புரட்டாசியில் மழை இறங்கிவிட்டது. உழவுக்கும் விதைக்கும் கையில் காசு இல்லை. பழைய பாக்கி இருப்பதால் கமிஷன் கடையில் புதிதாகக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். மழை எங்களுக்காகக் காத்திருக்காதே ஐயா. மெஷினை 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு இரண்டு ஏக்கர் விதைத்தோம். மற்ற இரண்டு ஏக்கரும் அப்படியே கிடந்துவிட்டது."

பிரியமானவர்களே, கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 1,500 ரூபாய் வீதம் நான்கு ஏக்கருக்கும் 6,000 ரூபாய் இருந்தால் போதும். நாங்கள் இயந்திரத்துக்குக் கொடுத்தது 7,000. அந்தப் பணத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுத்திருந்தால் நிலம் முழுவதும் விளைந்திருக்கும். அந்த வருடம் அந்த இரண்டு ஏக்கரைத் தரிசாகப் போட்டது வானமல்ல, நாங்கள்தான். அன்று நான் அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஜெபம் பண்ணிவிட்டுப் புறப்பட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

விதைக்கும் காலத்தில் வெறுங்கை

பட்டணத்தில் மாதச் சம்பளம் வாங்கிப் பழகிய நமக்கு விவசாயக் குடும்பத்தின் பணக்கணக்கு விளங்குவதில்லை. அவர்களுக்கு வரவு வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ, செலவு தினந்தோறும். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் கல்யாணம், மருத்துவம், பள்ளிக்கூடம் என்று கைப்பணம் கரைந்துபோகிறது. மழை இறங்கும் வேளையில்தான் கை வெறுமையாய் இருக்கிறது.

அந்த வெறுங்கையினால் ஒரு குடும்பம் மூன்று விதத்தில் நஷ்டப்படுகிறது. முதலாவது, தன் நிலத்தில் ஈரம் இருக்கும் நாளிலேயே அன்றாடக் கஞ்சிக்காகப் பிறர் நிலத்தில் கூலிக்குப் போகவேண்டியதாகிறது. இரண்டாவது, வட்டி. புரட்டாசியில் 10,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு வாங்கி மாசியில் அடைத்தால், ஐந்து மாதத்துக்கு 2,500 ரூபாய் வட்டியாகவே போகிறது. மூன்றாவது, கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினால் விளைந்ததை அந்தக் கடைக்கே, அறுவடை நேரத்து மலிந்த விலைக்கே போடவேண்டும். விலை ஏறும்வரை மூட்டையை வீட்டில் வைத்திருக்க வழியில்லை.

ஆகவே, சரியான நேரத்தில் கைக்கு வரும் சிறிய தொகை அதன் மதிப்பைக் காட்டிலும் பெரிய வேலை செய்கிறது. அது கூலியை மறுக்கும் பலத்தையும், வட்டியைத் தவிர்க்கும் வழியையும், விலைக்குக் காத்திருக்கும் பொறுமையையும் கொடுக்கிறது.

மத்தியப் பிரதேசத்துக் கிராமங்கள்

நாங்கள் தையல் இயந்திரம் வாங்கிக்கொடுத்ததற்கு அடுத்த வருடம், 2011-இல், மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் மாவட்டத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம் யுனிசெஃப் நிதியுதவியோடு அதை நடத்தியது. 8 கிராமங்களில் உள்ள எல்லாருக்கும், ஏழை பணக்காரன் என்று பிரிக்காமல், எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதந்தோறும் பணம் கொடுக்கப்பட்டது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100 ரூபாய். ஒரு வருடத்துக்குப் பின் அது 300, 150 என உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் பணம் தாயின் கையில் கொடுக்கப்பட்டது. தாய் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு முதலில் மாதம் 700 ரூபாய், பிறகு 1,050 ரூபாய். ஏறக்குறைய ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. பணம் கொடுக்கப்படாத வேறு 12 கிராமங்களோடு இவை ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. ஒரு பழங்குடிக் கிராமத்திலும் இவ்விதமே செய்தார்கள்.

என்ன நடந்தது? ஜனங்கள் சோம்பேறிகளாகவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் தங்கள் சொந்த நிலத்தில் அதிக நேரம் உழைத்தார்கள். சிறு விவசாயிகள் நல்ல விதையும் உரமும் வாங்கினார்கள். ஆடுமாடு வாங்கினவர்களும் உண்டு. பிள்ளைகளின் ஆகாரம் மேம்பட்டது; குறிப்பாகப் பெண்பிள்ளைகள் பயனடைந்தார்கள். பள்ளிக்கு ஒழுங்காகப் போகும் பிள்ளைகள் அதிகரித்தார்கள். பலர் கடனைக் குறைத்தார்கள். குடிக்குச் செலவழிப்பது கூடியதாகக் காணப்படவில்லை. இந்த முயற்சியின் விவரங்களை அதை நடத்தியவர்களும் ஆராய்ந்தவர்களுமாகிய சரத் தாவாலா, ரேணனா ஜாப்வாலா, சௌம்யா கபூர் மேத்தா, கை ஸ்டாண்டிங் ஆகியோர் 2015-இல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

"இல்லை பாஸ்டர், கையில் காசு கொடுத்தால் குடித்துத்தான் தீர்ப்பார்கள்" என்று சொல்லுகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டு. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்னும் இருவர் பல தேசங்களில் நடந்த 19 ஆய்வுகளை 2014-இல் சேர்த்துப் பார்த்தார்கள். பண உதவி பெற்றவர்கள் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவழிப்பது பொதுவாகக் கூடவில்லை என்றே கண்டார்கள். குடிகாரன் இருக்கும் வீடுகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பணம் மனைவியின் கணக்குக்குப் போகட்டும். ஒரு வீட்டின் குடியைக் காரணம் காட்டி ஒன்பது வீடுகளை நம்பாமல் போவது நியாயமா?

கென்ய தேசத்தின் சியாயா என்னும் பகுதியிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. அங்கே 10,000-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம் கைபேசி வழியாக நேரடியாக அனுப்பப்பட்டது. 653 கிராமங்களில் செய்யப்பட்ட அந்த ஆய்வு 2022-இல் வெளியானது. பணம் பெற்றவர்கள் மாத்திரமல்ல, பெறாத அயல்வீட்டாரும் நன்மையடைந்தார்கள் என்று அது காட்டியது. ஏனெனில் பெற்றவர்கள் உள்ளூர்க் கடைகளில் செலவழித்தார்கள். அது அங்கேயே பிறருக்கு வருமானமாயிற்று. விலைவாசியோ ஏறக்குறைய மாறவே இல்லை.

வேதம் என்ன சொல்லுகிறது?

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தின் 10, 11 வசனங்களை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்தத் திண்ணைச் சம்பவத்துக்குப் பின்புதான் அவை என்னோடு பேசின. ஒருவனுக்குக் கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்குவதற்காக அவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்கவேண்டும், கடன் வாங்கினவனே உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டார். கவனியுங்கள்: இது கடன் கொடுத்தவனுக்குச் சொல்லப்பட்டது. அவனுக்குக் கேட்கும் உரிமை இருந்தது. ஆனாலும் வாசலைத் தாண்டும் உரிமை இல்லை. ஏழையின் வீட்டுக்குள் எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று தீர்மானிக்கிறவன் ஏழையே. கடன் கொடுத்தவனுக்கே இந்தக் கட்டளை என்றால், அன்பினால் கொடுக்கிறோம் என்று சொல்லுகிற நாம் எவ்வளவு அதிகமாய் வெளியே நிற்கவேண்டும்! நானோ தையல் இயந்திரத்தோடு உள்ளே நுழைந்துவிட்டேன்.

அப்போஸ்தலர் 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பஞ்சம் வரும் என்று அகபு தீர்க்கதரிசனமாய் அறிவித்தபோது, அந்தியோகியாவின் சீஷர்கள் பஞ்சம் வந்து ஜனங்கள் வாடும்வரை காத்திருக்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்து, யூதேயாவில் இருந்த சகோதரருக்கு முன்னதாகவே அனுப்பினார்கள். அந்தியோகியா ஒரு பட்டணத்துச் சபை. பட்டணத்துச் சபைக்கு ஆவியானவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம், காலத்துக்கு முந்திக் கொடுப்பது.

கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் கணக்கைக் குறித்து மிகுந்த எச்சரிக்கையாய் இருக்கிறார். ஆனால் யாரிடத்தில் கணக்கு? காணிக்கையைக் கொண்டுபோகிறவர்களிடத்தில். யாரும் தங்களைக் குறைசொல்ல இடமில்லாதபடி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் கூட்டிக்கொண்டு போகிறார். எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களிடத்தில் "எதற்குச் செலவழித்தீர்கள்?" என்று அவர் கேட்டதாக எங்கும் வாசிக்கிறதில்லை. நாம் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டோம். கொண்டுபோகிறவனிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்படுகிறோம். வாங்குகிறவனிடமோ பைசாவுக்குப் பைசா கேட்கிறோம்.

"வேலை செய்ய மனதில்லாதவனைக் குறித்துப் பவுல் எழுதியிருக்கிறாரே" என்று கேட்பீர்கள். மெய்தான். தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் அது உண்டு. அது மனதில்லாதவனுக்கு உரிய வார்த்தை. கலப்பையும் நிலமும் கைபலமும் இருந்து, விதைக்கு மாத்திரம் காசில்லாமல் வரப்பில் நிற்கிறவனுக்கு உரிய வார்த்தை அல்ல.

அரசாங்கம் கொடுப்பதும் நாம் தடுப்பதும்

2019 பிப்ரவரி 24-ஆம் தேதி மத்திய அரசு 'பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மூன்று தவணையாக, நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஏறக்குறைய 9 கோடி விவசாயிகள் பெற்றுவருகிறார்கள். நான் சொன்ன அந்தக் குடும்பமும் பெறுகிறது. "பெரிய தொகை இல்லை ஐயா. ஆனால் விதைப்பு நேரத்தில் 2,000 வந்தால், விதைக்காக யார் வாசலிலும் போய் நிற்கவேண்டியதில்லை" என்று அந்தச் சகோதரி சொன்னார்.

இதில் ஒரு குறை உண்டு. பணம் நிலத்தின் பெயரில் வருகிறது. உழைப்பின் பெயரில் அல்ல. குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறவனுக்கும், நிலமற்ற கூலிக்காரனுக்கும் இதில் பங்கில்லை. ஒடிசா அரசு 2018 டிசம்பரில் அறிவித்த 'காலியா' திட்டத்தில் நிலமற்ற குடும்பங்களுக்கும் இடம் இருந்தது. தெலுங்கானாவில் 2018-இல் தொடங்கிய 'ரைத்து பந்து' திட்டத்திலோ ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்ததால், அதிக நிலம் உள்ளவர் அதிகம் பெற்றார். குத்தகைக்காரர் ஒன்றும் பெறவில்லை. எருசலேம் சபையிலும் பந்தி விசாரணையில் சில விதவைகள் விட்டுப்போனார்கள். அப்போஸ்தலர் அதை அலட்சியம் பண்ணவில்லை. எழுவரை நியமித்துச் சரிசெய்தார்கள். விட்டுப்போனவர்களைத் தேடுவது சபையின் வேலை.

இப்பொழுது உங்கள் மனம் நோகக்கூடிய ஒன்றைச் சொல்லப்போகிறேன். நம்மில் அநேகருடைய ஊர் நிலம் இன்னும் மரித்துப்போன தகப்பனார் பெயரிலோ, தாத்தா பெயரிலோ இருக்கிறது. ஊரில் உழுகிற அண்ணன் "தம்பி, ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று வருடக்கணக்காய்க் கேட்கிறான். நாமோ லீவு இல்லை என்கிறோம். உள்ளத்தில் இருப்பது வேறு: கையெழுத்துப் போட்டால் நம் பங்கு போய்விடுமோ என்னும் பயம். பட்டா அவன் பெயரில் இல்லாததால் உதவித்தொகைக்கு அவனால் எழுதிக்கொடுக்க முடிவதில்லை, பயிர்க்கடனுக்கும் அலையவேண்டியிருக்கிறது. பங்கைப் பிரித்து அவனவன் பாகத்துக்கு அவனவன் பெயரில் பட்டா மாற்றுங்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவன் பங்கைப் பிடித்துவைக்காதிருங்கள் என்கிறேன். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் மாத்திரமே. ஆகவே மும்பையில் நீங்கள் வருமான வரி கட்டுவதால், தன் பெயரில் நிலம் வைத்திருக்கும் உங்கள் அண்ணனுடைய உதவி நின்றுபோவதில்லை.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, காலத்துக்கு முந்தி அனுப்புங்கள். உங்கள் ஊரில் விதைப்பு எப்பொழுது என்று கேட்டு அறிந்து, அதற்கு ஒரு மாதம் முன்பாகவே அனுப்புங்கள். கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் 5,000 ரூபாயைப் பார்க்கிலும் ஆவணியில் அனுப்பும் 3,000 அதிக வேலை செய்யும்.

இரண்டாவது, பொருளை நாமே தெரிந்தெடுத்து அனுப்புவதை விட்டு, "என்ன தேவை?" என்று கேட்டு, பணமாகவே கொடுங்கள். முடிந்தால் வீட்டுப் பெண்களின் கணக்கில் போடுங்கள்.

மூன்றாவது, கொடுத்தபின் கணக்குக் கேட்காதிருங்கள். தொலைபேசியில் "போன மாதம் அனுப்பினது என்ன ஆயிற்று?" என்று நீங்கள் கேட்கும்போது, ஊரில் வயதான தகப்பன் தன் மகனுக்கு முன் குனிந்து நிற்கிறார் என்பதை மறந்துவிடாதிருங்கள்.

நான்காவது, சபையாக உதவுகிறவர்கள் ஏழையைப் படம் எடுத்துப் போடுவதை நிறுத்துவோமாக. கணக்கை விசுவாசிகளுக்குக் காட்டுவோம். ஏழையின் முகத்தைக் காட்டவேண்டாம்.

2014-இல் நான் மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். சபை அனுப்பிய தொகையை உறையில் வைத்து, வாசலில் நின்றபடியே கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவர்தான், "ஏன் ஐயா வெளியே நிற்கிறீர்கள்? உள்ளே வாருங்கள், சாப்பிட்டுப் போகலாம்" என்று அழைத்தார். அதன்பின் உள்ளே போனேன். கம்பங்கூழும் மோர்மிளகாயும் வைத்தார்கள். அந்த வீட்டில் நான் விருந்தாளியாய் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

பிரியமானவர்களே, நம்முடைய தேவன் நமக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, நம் சுயாதீனத்தைப் பறிக்காதவர். அவரிடத்தில் பெற்றுக்கொண்ட நாம் அவரைப் போலவே கொடுக்கப் பழகுவோமாக.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் சொந்த ஜனத்தை நம்பாமல் கொடுத்த நாட்களுக்காக எங்களை மன்னியும். விதைப்புக் காலத்தில் வெறுங்கையாய் நிற்கிறவர்களை எங்கள் நினைவுக்குக் கொண்டுவாரும். பிடித்துவைத்திருக்கிறதை விட்டுவிடவும், கொடுக்கவேண்டியதைக் காலத்தில் கொடுக்கவும் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், ஆமென்.